மருந்துக்குக் கேட்காத காது

ராத்திரி இரண்டு மணிக்கு நாய் தலையை உதறும் சத்தம் தனி. தொங்கு காது இரண்டும் தலையின் இரு பக்கமும் பட் பட்டென்று அடித்துக்கொள்ளும். எங்கள் ஜிம்மி அப்படித்தான் வீட்டையே எழுப்பினான். டார்ச் அடித்துப் பார்த்தால் காதுக்குள் சிவந்திருந்தது. பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. மறுநாள் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். சில நாளிலேயே சரியாகிவிட்டது. பாட்டிலில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. பத்திரமாக அலமாரியில் எடுத்து வைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. தப்பு என்னுடையதுதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே உதறல். டாக்டரிடம் போகாமல் அலமாரியைத் திறந்தேன். இந்த முறை சரியாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது தடவை எத்தனை நாள் விட்டும் கேட்கவில்லை. அழுக்கின் நிறமும் மாறியிருந்தது. பழுப்பு போய், வெளிர் பச்சை கலந்த சீழ். காதுப் பக்கம் கை கொண்டுபோனாலே கத்தினான். அப்போதும் டாக்டரிடம் போய் நான் கேட்டது இதுதான்: "டாக்டர், இதைவிட பவரா ஒரு மருந்து எழுதிக் குடுங்க."

அவர் எழுதவில்லை. ஒரு பஞ்சுக் குச்சியைக் காதுக்குள் மெல்ல விட்டு எடுத்தார். கண்ணாடிச் சில்லின் மேல் அதை உருட்டினார். தேய்க்கவில்லை, உருட்டினார். மூன்று சின்ன ஜாடிகளில் வரிசையாக முக்கி, கழுவி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் உடைந்து சிதறிய வெள்ளையணுக்கள். நடுவே மெல்லிய குச்சி குச்சியாக ஏதோ ஏராளமாகக் கிடந்தது. "முதல் தடவை பார்த்தப்ப ஈஸ்ட்டும் உருண்டைக் கிருமியும் இருந்துச்சு. இப்ப முழுக்கக் குச்சி. ஆளே மாறிப்போச்சு. நீங்க பழைய ஆளுக்கு வாங்கின மருந்தையே விட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

நாய், பூனைகளின் தோலிலும் காதிலும் வரும் தொற்றுகள் ஏன் மருந்துக்குக் கேட்காமல் போகின்றன என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தச் சில்லைப் பார்த்த பிறகுதான்.

எதிர்ப்பு யாருக்கு?

"எங்க நாய்க்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு, இப்பல்லாம் வேலை செய்றதில்ல." இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் பழகுவது நாயின் உடம்பு அல்ல. எதிர்ப்பு கிருமிக்குத்தான் வருகிறது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் புரியும். உடம்பு பழகுவதாக இருந்தால் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டுக் கொடுத்தால் போதும். கிருமியில் நடப்பது வேறு.

தீனியும் சூடும் சரியாக இருந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 10 மணி நேரத்தில் 30 தடவை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டிவிடும். இத்தனை பிரதி எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை, மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தின் வடிவத்தை லேசாக மாற்றிவிடும். மருந்து இல்லாத காலத்தில் அதனால் அந்தக் கிருமிக்கு ஒரு சௌகரியமும் கிடையாது, கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாகும், அது மட்டும் நிற்கும். காலி இடம் முழுக்க அதன் வாரிசுகளுக்கு. களைக்கொல்லி அடித்த நிலத்தில், அதற்குச் சாகாத ஒரே ஒரு களை மறு பருவத்தில் நிலம் முழுக்கப் பரவுகிற கதைதான்.

கிருமி எதையும் கற்றுக்கொள்வதில்லை. நாம்தான் சலித்து எடுக்கிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும். தாயிடமிருந்து பிள்ளைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கலாம். ஒரே துண்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மொத்தமாக இருக்கவும் கூடும். அதனால்தான் ஒரு மருந்தைக் கொடுக்க, இதுவரை கொடுக்கவே கொடுக்காத வேறொரு மருந்துக்கும் எதிர்ப்பு வந்து நிற்கிறது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. வாய்வழியாகக் கொடுக்கும் மாத்திரை, வயிற்றுத் தோலில் வந்திருக்கும் நான்கு கொப்புளத்துக்கு மட்டும் போவதில்லை. குடல், மூக்கு, வாய், உடம்பு முழுக்கப் போகிறது. அங்கெல்லாம் நோய் எதுவும் தராமல் சும்மா குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் சேர்ந்து சலிக்கப்படுகின்றன. நான்கு கொப்புளம் ஆறிவிடும். சலித்த கூட்டம் தங்கிவிடும்.

தோல்

நாயின் தோல் தொற்றில் முதல் குற்றவாளியின் பெயர் நீளம்: ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ். 2005-இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் இன்னொரு நெருங்கிய இனத்தோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இது வெளியிலிருந்து வந்து தாக்கும் எதிரி அல்ல. ஆரோக்கியமான நாயின் மூக்கிலும் வாயிலும் ஆசனவாயைச் சுற்றியும் சாதாரணமாக வாழ்கிறது. நாய் தன்னை நக்குகிறது, கடிக்கிறது, சொறிகிறது. கிருமி உடம்பெங்கும் பரவுகிறது. தோல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தோல் எங்கே பலவீனப்படுகிறதோ அங்கே பெருகும்.

பார்க்க எப்படி இருக்கும்? முதலில் மயிர்க்கால்களில் சின்னச் சிவப்புப் பரு, அப்புறம் சீழ் கோத்த கொப்புளம். நாயின் தோல் மெல்லியது, அதனால் கொப்புளம் சீக்கிரமே உடைந்துவிடும். நாம் பார்க்கும்போது மிச்சம் இருப்பது வட்டமாகச் செதில் உரிந்த ஒரு வளையம்தான். சட்டைக் காலர் மாதிரி ஓரம் தூக்கி நிற்கும், நடுவில் முடி கொட்டியிருக்கும். இதைப் படர்தாமரை என்று நினைத்து வாரக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவுகிறவர்கள் நிறைய. வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை.

இந்தக் கிருமிக்கு எதிராக நெடுங்காலம் கைகொடுத்தவை பீட்டா லாக்டம் என்ற மருந்துக் குடும்பம். பெனிசிலினின் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதில் அடக்கம். அமாக்சிசிலின் உண்டு, கால்நடை மருத்துவர்கள் அதிகம் எழுதும் செஃபலெக்சினும் உண்டு. இவை வேலை செய்யும் விதம் அழகானது. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டே இருக்கிறது. சுவரை இணைத்துக் கட்டும் கொத்தனார் ஒரு புரதம். மருந்து போய் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் நிற்காது, கிருமி வெடித்துச் சாகும்.

முதலில் கிருமிகள் கண்டுபிடித்த மாற்று, மருந்தையே வெட்டும் ஒரு நொதி. அதை முடக்கத்தான் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மெத்திசிலின் என்ற மருந்தும் அந்த நொதிக்கு அகப்படாத மருந்தாகத்தான் மனிதர்களுக்காக வந்தது. ஆனால் 1961-லேயே மெத்திசிலினுக்கும் சாகாத கிருமி பதிவாகிவிட்டது. அந்தக் கிருமி மருந்தை வெட்டவில்லை, கொத்தனாரையே மாற்றிவிட்டது. மெக்-ஏ என்ற மரபணு இன்னொரு கொத்தனாரைத் தயாரிக்கிறது. மருந்தால் இவன் கையைச் சரியாகப் பிடிக்கமுடியாது. பழைய கொத்தனார் மாட்டிக்கொண்டாலும் புதியவன் சுவரை எழுப்பிவிடுவான்.

அதே மரபணு நாயின் ஸ்டெஃபைலோகாக்கஸிலும் இருக்கும்போது அதை எம்.ஆர்.எஸ்.பி. என்கிறார்கள், மெத்திசிலினுக்குச் சாகாத ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மெத்திசிலினை இன்று யாரும் நாய்க்குக் கொடுப்பதில்லை, பெயர் மட்டும் மிச்சம். பெயருக்குப் பின்னால் இருக்கும் விஷயம் இதுதான்: நடைமுறையில் பீட்டா லாக்டம் குடும்பம் மொத்தமும் போச்சு. செஃபலெக்சின் கேட்கவில்லை என்று அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலத்துக்கு மாறினால் பயனில்லை, இரண்டும் ஒரே கொத்தனாரைத் தேடிப் போகிறவை. கிளாவுலானிக் அமிலம் முடக்குவது வெட்டும் நொதியை, கொத்தனாரை அல்ல. போதாததற்கு, எம்.ஆர்.எஸ்.பி. பல நேரம் வேறு குடும்ப மருந்துகளுக்கும் எதிர்ப்பைச் சேர்த்தே வைத்திருக்கும்.

இந்த நான்கெழுத்தை ரிப்போர்ட்டில் பார்த்ததும் கலங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கலங்கவேண்டியதில்லை. எம்.ஆர்.எஸ்.பி. அதிக கொடூரமான கிருமி அல்ல. அதே பரு, அதே வளையம், அதே அரிப்பு. வாய்வழி மருந்துகளில் நமக்கு மிச்சம் இருப்பவைதான் குறைவு. மேலே பூசிக் கழுவும் மருந்துகள் இன்னமும் நம் பக்கம்தான்.

குளோர்ஹெக்சிடின் அதில் முக்கியமானது. இது ஆன்டிபயாடிக் அல்ல, கிருமிநாசினி. கிருமியின் உறையையே சிதைக்கிறது. மாத்திரைக்குச் சாகாத எம்.ஆர்.எஸ்.பி. பொதுவாக இதற்குச் சாகிறது. செல்லப் பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேச அமைப்பு 2014-இல் நாய்த் தோல் தொற்றுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025-இல் அது புதுப்பித்து வந்தது. மேலோட்டமான தொற்றுக்கு மாத்திரை இல்லாமல் வெளிச்சிகிச்சையிலேயே தொடங்கலாம் என்பதுதான் அதன் போக்கு. வாயில் போடும் மாத்திரையை நம்பும் அளவுக்கு ஷாம்பூவை நாம் நம்புவதில்லை, அது ஒரு சங்கடம். "வெறும் ஷாம்பூவா?" என்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஷாம்பூவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேய்த்தோம், தண்ணீர் ஊற்றினோம் என்றால் வேலை செய்யாது. நுரை தோலில் 10 நிமிடம் இருக்கவேண்டும். நனைந்த நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது 10 நிமிடம் எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நம் கணக்கில் 10 நிமிடம் என்பது கடிகாரத்தில் மூன்றுதான் ஆகியிருக்கும். அதனால் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு அடர்த்தி என்பதை டாக்டர் சொல்லட்டும். கண்ணில் படக்கூடாது. காதுக்குள் விடவே கூடாது, உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனே போகலாம். பூனைக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை.

தொற்று ஆழமாக இறங்கி, சீழ்த்துளை விழுந்து, ரத்தம் கசிகிற நிலையில் ஷாம்பூ மட்டும் போதாது. அப்போது மாத்திரை தேவைதான். ஆன்டிபயாடிக்கே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாள் வரும்போது மாத்திரை வேலை செய்யவேண்டுமே என்பதுதான் கவலை.

காது

காது வேறு உலகம். மனிதக் காதின் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கோ முதலில் கீழே இறங்கி, பின் உள்பக்கமாகத் திரும்புகிறது, ஆங்கில எல் எழுத்து போல. மேலிருந்து பார்த்தால் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. உள்ளே ஈரம், வெதுவெதுப்பு, மெழுகு. கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே மூன்று வகை ஆட்கள் வருவார்கள். மலசீசியா என்ற ஈஸ்ட் ஒன்று. பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் பெரும்பாலும் இதன் வேலை. இது பூஞ்சை வகை, ஆன்டிபயாடிக் இதை ஒன்றும் செய்யாது. இரண்டாவது, தோலில் பார்த்த அதே ஸ்டெஃபைலோகாக்கஸ், டாக்டர் சொன்ன உருண்டைக் கிருமி. மூன்றாவதுதான் ஜிம்மியின் சில்லில் குச்சி குச்சியாகக் கிடந்தது: சூடோமோனாஸ் ஏருஜினோசா. செம்பில் ஏறும் பச்சைக் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அது தயாரிக்கும் நிறமியின் சாயல் அப்படி.

சூடோமோனாஸின் எதிர்ப்பு வேறு ரகம். உருண்டைக் கிருமி எதிர்ப்பைப் பிழையாகவோ கைமாற்றாகவோ பெறுகிறது. இதற்கோ பாதி எதிர்ப்பு பிறவியிலேயே வந்தது. செஃபலெக்சின், அமாக்சிசிலின் போன்றவை இதன்மேல் என்றைக்குமே வேலை செய்ததில்லை. வெளிச்சவ்வு வழியாக மருந்து எளிதில் நுழையாது. நுழைந்ததையும் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருக்கும் சில மருந்துகளுக்கும், கூடக் கூட உபயோகிக்க, எதிர்ப்பு சேர்த்துக்கொள்ளும். இது ஆரோக்கியமான காதில் வந்து உட்காருவது அரிது. திரும்பத் திரும்ப வீங்கி, திரும்பத் திரும்ப மருந்து பட்ட காதில்தான் இதற்கு இடம் கிடைக்கிறது. மற்றவர்களை நாம் துரத்திவிட்ட வீடு.

அப்புறம் அந்தக் கொழகொழப்பு. பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிச் சளி போன்ற ஒரு போர்வையைச் சுரந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். பயோஃபிலிம் என்பார்கள். குளத்துப் படிக்கட்டில் பாசி வழுக்குமே, அந்த மாதிரி. போர்வைக்குள் மருந்து சரியாக இறங்காது. இறங்கினாலும் அடியில் சோம்பிக் கிடக்கும் கிருமிகளை அது அவ்வளவாகத் தொடாது. பரிசோதனைத் தட்டில் மருந்துக்குச் சாகும் கிருமிகூட காதில் சாகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். அப்படியானால் இங்கே தோற்றது மருந்து அல்ல, சுத்தம் செய்யாததுதான். சீழும் மெழுகும் நிரம்பிய காதில் சொட்டு விடுவது, சேறு அப்பிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. சில மருந்துகள் சீழ் பட்டாலே வீரியம் இழந்துவிடும்.

ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கவேண்டாம். அது அழுக்கைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் திரவத்தையும் விடுவதும் ஆபத்து, சில சொட்டு மருந்துகளும் கழுவும் திரவங்களும் உட்காதுக்குள் போனால் செவித்திறனைப் பாதிக்கும். ஜிம்மிக்கு முதலில் வீக்கம் வடிய ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குழாய் திறந்த பிறகுதான் மயக்கம் கொடுத்து உள்ளே கழுவ முடிந்தது. அப்புறம்தான் சொட்டு மருந்து. அதற்கு முன் நான் விட்ட சொட்டுகளில் பாதி வீங்கிய குழாயின் வாசலையே தாண்டியிருக்காது.

ஸ்டீராய்டு பற்றி ஒன்று. கடையில் கிடைக்கும் பல காதுச் சொட்டுகளில் மூன்று சரக்கு கலந்திருக்கும்: ஓர் ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஸ்டீராய்டு. இரண்டே நாளில் நாய் சொறிவதை நிறுத்துகிறது என்றால் பெரும்பாலும் அது ஸ்டீராய்டின் வேலை. கிருமி இருக்கிறதா, போனதா என்று அதிலிருந்து தெரியாது. நாம் "சரியாப் போச்சு" என்று பாட்டிலை மூடி வைத்துவிடுகிறோம். முடிக்காமல் விட்டது மறுபடி கிளம்பும்.

காதில் நமக்கு ஒரு சாதகமும் உண்டு. சொட்டு மருந்து நேரடியாக இடத்திலேயே விழுவதால், ரத்தம் வழியாகப் போகும் மாத்திரையைவிட நூற்றுக்கணக்கான, சமயத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு அடர்த்தி அங்கே கிடைக்கும். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'எதிர்ப்பு உண்டு' என்று போட்டிருக்கும் மருந்துகூட, அதே மருந்தின் சொட்டாக விட்டால் வேலை செய்வதுண்டு. ஏனென்றால் ரிப்போர்ட் கணக்குப் போடுவது மாத்திரையாலோ ஊசியாலோ ரத்தத்தில் எட்டக்கூடிய அளவை வைத்து.

அந்த ரிப்போர்ட்

காதிலிருந்தோ கொப்புளத்திலிருந்தோ எடுத்ததை ஆய்வகத்தில் தட்டில் வளர்த்து, எந்தெந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பதுதான் கல்ச்சர், சென்சிட்டிவிட்டி டெஸ்ட். பழைய முறையில் தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்தில் தோய்த்த சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். மறுநாள் சில வில்லைகளைச் சுற்றி நிலாவைச் சுற்றிய வட்டம் போலத் தெளிந்த வளையம் இருக்கும். அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம். சில வில்லைகளை ஒட்டியே கிருமி மேய்ந்திருக்கும்.

ரிப்போர்ட்டில் மருந்துகளுக்கு எதிரே எண்கள் இருந்தால், அது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தி. எண் சின்னதாக இருக்கும் மருந்துதான் சிறந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் உடம்பில் எட்டும் அளவு வேறு. ஒன்றுக்கு 2 என்பது எளிதாக எட்டும் தூரம், இன்னொன்றுக்கு அரை என்பதே எட்டாத உயரம். அந்த மருந்துக்குக் கிருமி சாகுமா, சாகாதா என்று பக்கத்தில் குறித்திருக்கும் எழுத்தை டாக்டர் படிப்பார், நாம் எண்ணை வைத்துக் கடையில் மருந்து கேட்கவேண்டாம்.

எல்லாத் தொற்றுக்கும் கல்ச்சர் தேவையில்லை. மைக்ராஸ்கோப்பில் சில்லைப் பார்ப்பது அங்கேயே, சில நிமிடத்தில் முடிகிற காரியம். என் கருத்தில் அதுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய பரிசோதனை. ஈஸ்ட்டா, உருண்டையா, குச்சியா, ஒன்றுமே இல்லையா என்று தெரிந்துவிடும். மாத்திரை தேவைப்படும் தொற்றில் முதல் சிகிச்சைக்குக் கேட்காதபோது, திரும்பத் திரும்ப வரும்போது, குச்சிக் கிருமி தென்படும்போது, ஏற்கெனவே பல ஆன்டிபயாடிக் ஓடியிருக்கும்போது, கல்ச்சருக்கு அனுப்பச் சொல்வார்கள். அதற்கு முன் நீங்களாக எதையாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்து ஓடிக்கொண்டிருந்தால் தட்டில் எதுவும் வளராமல் போய், ரிப்போர்ட் பொய் சொல்லும்.

பூனை

பூனைக்கு இந்தக் கதை கொஞ்சம் மாறும். தோலில் பாக்டீரியா தொற்று நாயைவிடக் குறைவு. முடி கொட்டி, சிவந்து, புண்ணாகித் தெரிவதில் நிறைய அலர்ஜி அல்லது தெள்ளுப்பூச்சி. காதில் காப்பித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால், குறிப்பாகக் குட்டிகளுக்கு, முதலில் சந்தேகப்படவேண்டியது காது உண்ணியை. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தப் பூச்சிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

பூனைச் சண்டையில் பல் இறங்கி உண்டாகும் சீழ்க்கட்டி தனி. பூனையின் பல் ஊசி மாதிரி. மேல்துளை இரண்டு நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே வாய்க் கிருமி பெருகும். அங்கேயும் முதல் சிகிச்சை கட்டியைத் திறந்து சீழை வடிப்பதுதான். அதைச் செய்யாமல் மாத்திரையை மட்டும் நம்பினால் மருந்து சீழுக்குள் போய்ச் சேராது. பூனைக்கு மாத்திரை கொடுப்பது பெரும்பாடு என்பதால் செஃபோவெசின் என்ற நீண்ட நாள் ஊசியைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு ஊசி, இரண்டு வாரம் வேலை, கீறல் வாங்கத் தேவையில்லை. சௌகரியம்தான். ஆனால் அது மனித மருத்துவத்தில் மிக முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கும் வகையைச் சேர்ந்தது. வேலை முடிந்த பிறகும் குறைந்த அளவில் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை கொடுக்கச் சிரமம் என்பது சில பூனைகளுக்கு நியாயமான காரணம், எல்லாப் பூனைக்கும் அல்ல.

நாய்க்கு எழுதிய மாத்திரையைப் பூனைக்கு உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவு கூடினால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகக்கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்

மீதி மருந்தைப் பற்றி இனி நான் சொல்லத் தேவையில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்துவிட்டார்: கிருமி சாகாத அளவுக்குக் குறைவாக மருந்து எடுத்தால், எடுப்பவரே கிருமிக்கு எதிர்ப்பை வளர்த்துவிடுகிறார் என்று. அலமாரியில் பாதி பாட்டிலை எடுத்து, நினைத்த நாளில் நாலு சொட்டு விட்ட என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருக்கிறது. குட்டி வளர்ந்து எடை கூடியிருக்கும், மாத்திரை பழைய எடைக்கு எழுதியதாக இருக்கும். இதுவும் அதே குறைந்த அளவுதான்.

"கோர்ஸை முழுக்க முடிச்சாகணும்" என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். இதில் இப்போது கொஞ்சம் திருத்தம் வந்திருக்கிறது. தேவைக்கு மேல் நாள் நீட்டினால் எதிர்ப்பு குறையாது, சலிப்பதுதான் நீளும். அதற்காக நாமாகப் பாதியில் நிறுத்தலாம் என்று ஆகாது. டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி காட்டவேண்டும், அவர் சில்லைப் பார்த்து நிறுத்தச் சொன்னால் நிறுத்தவேண்டும். வெளியில் பளபளவென்று தெரியும் காதின் உள்ளே குச்சிக் கிருமி மிச்சம் இருக்கலாம். நல்லாத்தானே இருக்கு என்று அந்த மறுவருகையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

வீட்டு மனிதர்களுக்குப் பரவுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எம்.ஆர்.எஸ்.பி. நாயோடு வாழப் பழகிய கிருமி, மனிதருக்கு நோய் தருவது அரிது. மனிதர்களின் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்குச் சாகாத இன்னொரு ஸ்டெஃபைலோகாக்கஸ் இனம்) பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் நாய், பூனைக்குப் போகிறது. அவர்கள் நம்மைப் பார்த்துப் பயப்படவேண்டியதும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து போட்ட பின் கையை சோப்பு போட்டுக் கழுவுவது, புண்ணை நக்க விடாமல் பார்த்துக்கொள்வது, வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவைப்பது, இவை போதும். ஆறிய பிறகும் பல மாதங்கள் நாய் அந்தக் கிருமியைத் தன் மூக்கில் சுமந்துகொண்டிருக்கலாம். நோய் இல்லாமல் வெறுமனே சுமப்பதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

சரி, இவ்வளவும் செய்து கிருமியைத் துரத்தினாலும், அது ஏன் வந்தது என்று கேட்காவிட்டால் மறுபடி வரும். தோலிலும் காதிலும் தொற்று முதல் நோயாக வருவது குறைவு. அடியில் வேறு ஏதோ இருக்கும்: சூழலில் இருக்கும் தூசி, மகரந்தத்துக்கு அலர்ஜி, சாப்பாட்டு அலர்ஜி, தெள்ளுப்பூச்சி, தோலுக்குள் வாழும் உண்ணி, தைராய்டு குறைவு, காதில் குத்திய புல் முள், உள்ளே வளர்ந்த சதை. அது தோலைச் சிவக்க வைக்கிறது, நாய் சொறிகிறது, கிருமி நுழைகிறது. ஆன்டிபயாடிக் கிருமியை எடுக்கும். அலர்ஜி அப்படியே இருக்கும். அடுத்த மாதம் மறுபடி ஆன்டிபயாடிக். ஒரே நாய்க்கு வருஷத்துக்கு ஐந்தாறு தடவை இப்படி ஓடினால் எம்.ஆர்.எஸ்.பி. வராமல் என்ன செய்யும்? பவரான மருந்தைக் கேட்கிற நேரத்தில் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, இவன் ஏன் சொறிகிறான் என்பது.

ஜிம்மியின் சில்லில் குச்சிகள் காணாமல் போக ஏழு வாரம் ஆயிற்று. அப்புறம் டாக்டர் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டார். எட்டு வாரம் அவன் அதுவரை தின்றே பார்க்காத ஒரே ஒரு வகை இறைச்சி, வேறு எதுவும் இல்லை. பிஸ்கட் இல்லை, மேஜைக்கு அடியில் யாரும் தள்ளிவிடும் துண்டு இல்லை. வீட்டில் எல்லோரையும் கட்டுப்படுத்துவது நாயைக் கட்டுப்படுத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ராத்திரி உதறல் நின்றது. எட்டு வாரம் முடிந்ததும், சோதித்துப் பார்க்கப் பழைய தீனியை மறுபடி கொடுக்கச் சொன்னார். நான்காம் நாள் இரண்டு மணிக்கு பட் பட்டென்று சத்தம். காலையில் போய்ச் சில்லு எடுத்தோம். குச்சி இல்லை, உருண்டை இல்லை, ஈஸ்ட் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.